பாத்துட்டு வந்து சொல்லுங்க

நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று, தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரே கூச்சலாக இருந்தது.

மல்லசமுத்திரத்திலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில் ஒரு சின்ன ஊர். ஓடு வேய்ந்த நீளமான ஒரே கட்டடம்தான் பள்ளிக்கூடம். நடுவில் மூங்கில் தட்டிகளை நிறுத்தி வகுப்புகளைப் பிரித்திருந்தார்கள். எனக்கு ஆறாம் வகுப்பும் அதற்கு மேலும். தட்டிக்கு அப்பால் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். வகுப்பு அமைதியாக இருந்தால்தான் உள்ளே வாத்தியார் இருக்கிறார் என்று பொருள் எனப் பயிற்சிப் பள்ளியில் படித்துவிட்டு வந்தவன் நான். அந்தக் கூச்சலைக் கேட்டதும் ஆசிரியர் வரவில்லை போலிருக்கிறது, அடக்கிவிட்டு வருவோம் என்று பிரம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

ஆசிரியர் இருந்தார். பிள்ளைகளுக்கு நடுவில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். குள்ளமான உருவம். தடித்த கண்ணாடி. கழுத்தில் சிறிய சிலுவை தொங்கிய மெல்லிய சங்கிலி. புளியமரம் ராத்திரியில் தூங்குமா, தூங்காதா என்று சண்டை நடந்துகொண்டிருந்தது. இலை மடங்கிக்கொள்வதால் தூங்குகிறது என்றது ஒரு கட்சி. தூங்குவதென்றால் கண்ணை மூட வேண்டும், மரத்துக்குக் கண் எங்கே இருக்கிறது என்றது இன்னொரு கட்சி.

என்னைப் பார்த்ததும் அவர் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இடம் காட்டினார்.

"வாங்க சார், உக்காருங்க. நீங்க என்ன நினைக்கறீங்க?"

பிரம்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, வெளிச்சம் குறைந்தால் இலை மடங்கும், அவ்வளவுதான், தூக்கம் கிடையாது என்று புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன். சண்டை தீர்ந்தது என்று நினைத்தேன். பிள்ளைகள் எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"சார் சொல்றது சரியா இருக்கலாம். எப்படிச் சோதிச்சுப் பாக்கலாம்?" என்றார் அவர்.

அன்று மத்தியானம் பள்ளிக்கூடத்துப் புளியமரத்தின் தாழ்ந்த கிளை ஒன்றுக்குச் சாக்குப்பை மாட்டப்பட்டது. சற்று நேரம் கழித்து அவிழ்த்துப் பார்த்தபோது சில இலைகள் மடங்கியிருந்தன. சில மடங்கவே இல்லை. புது வாத்தியார் சொன்னது பாதிதான் சரி என்று வகுப்பு ஒருமனதாக முடிவு செய்தது. நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு நாள்கூட முழுதாக ஆகியிருக்கவில்லை.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. அந்த ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததும் இல்லை. பெரியவர்களுக்கு டீச்சரம்மா, பிள்ளைகளுக்கு டீச்சர். சேலம் டவுனில் பிறந்து வளர்ந்தவர். கணவருக்கு ஜங்ஷனில் ரயில்வே வேலை. இவர் மல்லசமுத்திரத்தில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கிக்கொண்டு, சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறிப் போய், ஞாயிற்றுக்கிழமை பூசை பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். நானும் வெளியூர்க்காரன்தான். ராசிபுரத்தில் என் அப்பாவுக்கு, எங்கள் வழக்கில் அத்தாவுக்கு, ஜவுளிக்கடை. ஊருக்கு நான் பாய் வாத்தியார். இப்படி இரண்டு பேரும் அந்த ஊருக்குச் சற்று அந்நியமாக இருந்ததாலோ என்னவோ, சீக்கிரம் பழகிவிட்டோம். மாலையில் நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டும் அவர் குடையை ஊன்றிக்கொண்டும் மல்லசமுத்திரம் வரைக்கும் பேசிக்கொண்டே போவோம்.

அந்தப் பக்கத்தில் பெரியவர், சிறியவர் எல்லாரையும் சாமி என்று கூப்பிடுவார்கள். அவர் வீட்டிலோ சாமி என்றால் மாதா கோயிலில் பூசை வைக்கும் குருவானவர். வந்த புதிதில் மூக்கு ஒழுகிக்கொண்டு நிற்கும் பையனைச் சாமி என்று கூப்பிட நாக்கு வரவில்லை என்று சொல்லிச் சிரிப்பார். நான் பார்த்தபோது ஊர்க்காரர்களைவிட அவர்தான் அந்தச் சொல்லை அதிகம் சொல்லிக்கொண்டிருந்தார். "சொல்லுங்க சாமி, ஏன் அப்படி நினைக்கறீங்க?" நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு 'ங்க' போட்டுப் பேசிய ஆசிரியரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அவருக்கு ஆயத்தப் பதில் என்றால் ஆகாது. எந்தப் பதிலைச் சொன்னாலும், சரியோ தப்போ, "எப்படித் தெரியும்?" என்பார். புத்தகத்தில் இருக்கிறது என்றால், "அது புத்தகம் சொல்றது. நீங்க பாத்தீங்களா?" என்பார். பார்க்கவில்லை என்றால் உடனே, "பாத்துட்டு வந்து சொல்லுங்க." வகுப்பில் பாதிப் பேர் எப்போதும் எதையாவது பார்க்க வெளியே போயிருப்பார்கள். எறும்பு சர்க்கரையைத் தேடிப் போகுமா, வெல்லத்தைத் தேடிப் போகுமா என்று பார்க்க இரண்டு பேர். மத்தியானச் சாப்பாட்டுச் சோற்றை அரிசியாகவும் சோறாகவும் அளந்து பார்க்க ஒருத்தி. தலைமையாசிரியர் வராந்தாவில் நின்றுகொண்டு, இது பள்ளிக்கூடமா சந்தையா என்று தலையில் அடித்துக்கொள்வார்.

நல்ல மனிதர் அவர். ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். எந்த வம்பும் இல்லாமல் போய்ச் சேர்ந்தால் போதும் என்பது அவருடைய ஒரே பிரார்த்தனை.

கணக்குப் பாடத்தில் டீச்சர் கணக்குக் கொடுப்பது குறைவு. பிள்ளைகளே கணக்கு உண்டாக்க வேண்டும், மற்றவர்கள் அதைப் போட வேண்டும். ஒருமுறை ஒரு பையன் எழுந்து, அப்பன் செத்துப்போன மூன்று அண்ணன் தம்பிகளுக்கு ஒன்பது மேச்சேரி ஆடு, பாகம் பிரித்தால் ஆளுக்கு எத்தனை என்று கேட்டான். மூன்று என்று எல்லாரும் சொன்னார்கள். அவன் தலையாட்டிவிட்டு, "அதுல ஒண்ணு சினையாடுங்க. அதை யாருக்குக் குடுக்கறது?" என்றான். அந்தப் பீரியட் முழுவதும் அதிலேயே போயிற்று. சினையாட்டை எடுத்துக்கொள்பவன் குட்டி பிறந்ததும் ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்றார்கள். குட்டி செத்துப் பிறந்தால் என்ன செய்வது என்றார்கள். ஆட்டை விற்றுவிடலாம் என்றார்கள். மணி அடித்ததும் தட்டி இடுக்கு வழியாகப் பார்த்தேன். கரும்பலகையில் விடை எதுவும் இல்லை. டீச்சர் மட்டும் மிகவும் சந்தோஷமாக இருந்தார்.

இதையெல்லாம் வைத்து அவர் மனப்பாடத்துக்கு எதிரி என்று நினைத்துவிடக் கூடாது. வாய்ப்பாட்டை அவரைப்போல் விரட்டி விரட்டி ஒப்பிக்க வைத்தவர்கள் இல்லை. அது கையில் இருக்க வேண்டிய ஆயுதம், யோசிக்கும்போது தேடிக்கொண்டிருக்க முடியாது என்பார்.

பசுவைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்ன கதைதான் எனக்கு அதிகம் நினைவில் இருப்பது. பசு ஒரு வீட்டு விலங்கு, அதற்கு நான்கு கால்கள் உண்டு என்று எல்லாப் பள்ளிக்கூடத்திலும் எழுதுவதைத்தான் அந்தப் பிள்ளைகளும் எழுதினார்கள். டீச்சர் எல்லாச் சிலேட்டையும் அழிக்கச் சொன்னார். நான்கு கால் இருப்பது எனக்கே தெரியும், உங்கள் வீட்டு மாடு நேற்று என்ன செய்தது என்று எழுதுங்கள் என்றார். பிள்ளைகள் திகைத்துப் போனார்கள். இரண்டு மூன்று நாள் ஒருவரும் ஒரு வரிகூட எழுதவில்லை. மாடு என்ன செய்யும், புல் தின்னும் என்றார்கள். பிறகு ஒரு பையன் எழுதிக்கொண்டு வந்தான். சாயங்காலம் நடந்து போகும்போது அந்தத் தாளை என்னிடம் காட்டினார். 'எங்க ஊட்டு மாடு நேத்து செத்துப்போச்சு. எங்கப்பன் சோறு உங்கல. கட்டுத்தறிய பாத்துட்டே உக்காந்திருந்துச்சு. நாங்களும் உங்கல.' அவ்வளவுதான். எழுத்துப் பிழை நிறைய.

பேச்சு வழக்கில் எழுத விடுவது தப்பில்லையா, இதற்கு எப்படி மதிப்பெண் போடுவீர்கள் என்று கேட்டேன்.

"ஊடு, வீடுன்னு நாளைக்குத் திருத்திக்கலாம் சார். சொல்றதுக்கு ஒண்ணு இருக்குதுன்னு இன்னைக்குத்தானே அவனுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார்.

மறுநாள் நிஜமாகவே உட்கார்ந்து திருத்தினார். அதே பையனை வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகத் திருத்தினார். அப்பன் என்பதை மட்டும் தந்தை என்று மாற்றவில்லை.

அவரிடம் குறை இல்லாமல் இல்லை. பாடங்களை நேரத்துக்கு முடிக்க மாட்டார். பரீட்சை நெருங்கும்போது ஓட்டமாக ஓடுவார். நேராக ஒரு பதிலைச் சொன்னால் தீர்ந்துவிடும் விஷயத்துக்கும் சொல்ல மாட்டார். ஒரு சின்னப் பெண் ஒருநாள், சொல்லிடுங்க டீச்சர், சொல்லிடுங்க என்று கேட்டுக் கேட்டுக் கடைசியில் அழுதேவிட்டாள். அப்போதும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் முதல் வேலையாக அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்து விடையைச் சொன்னார் என்று பிறகு தெரிந்தது.

டெபுடி இன்ஸ்பெக்டர் தணிக்கைக்கு வந்தபோது தலைமையாசிரியருக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் டீச்சரின் வகுப்பில் போய் நின்று தலைநகரங்கள், ஆறுகள் எல்லாம் கேட்டார். சுமாராகச் சொன்னார்கள். கிளம்பும்போது மரியாதைக்கு, யாருக்காவது என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். மற்ற பள்ளிகளில் இந்தக் கேள்விக்கு யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். இங்கே முக்கால்வாசிக் கைகள் உயர்ந்தன.

"நீங்க எதுக்குங்க வந்திருக்கறீங்க?" என்றான் முதல் பையன்.

உங்களைச் சோதிக்க என்றார் அவர்.

"எங்களையா, டீச்சரையாங்க?"

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். வகுப்பில் ஒழுங்கு குறைவு, மாணவர்கள் கூர்மையானவர்கள் என்று அறிக்கையில் எழுதிவிட்டுப் போனார். தலைமையாசிரியர் முதல் பாதியை நினைத்து வருந்தினார். டீச்சர் இரண்டாவது பாதியைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

இனி ஊர்ப்படத்தின் கதைக்கு வருகிறேன்.

பூகோளப் பாடத்தில் 'நம் ஊர்' என்று ஒரு பகுதி உண்டு. ஊரின் படத்தை ஆசிரியர் கரும்பலகையில் வரைவார், பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். டீச்சர் வரையவில்லை. உங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரும் வழியை அவரவரே வரையுங்கள் என்று தாள் கொடுத்தார். வரைந்த படங்களையெல்லாம் தட்டியில் வரிசையாகக் குத்தி வைத்தார். ஒரு படத்தில் கோயிலைவிட நாய் பெரிதாக இருந்தது. அந்த நாய் கடிக்கும் நாய் என்று படம் போட்டவன் விளக்கினான்.

ஊருக்குத் தெற்கே ஏரி. ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு வளவு. ஊர்க்காரர்கள் தொடாமல் ஒதுக்கி வைத்திருந்த ஜனங்கள் அங்கே குடியிருந்தார்கள். அங்கிருந்தும் சில பிள்ளைகள் படிக்க வந்தார்கள். அவர்களில் பழனியம்மா என்ற பெண் ஐந்தாம் வகுப்பில் இருந்தாள். அதே வகுப்பில் ஊர் மணியகாரரின் மகன் செல்லப்பனும் இருந்தான். மணியகாரருக்கு ஏரியை ஒட்டியே வயல். செல்லப்பன் தினமும் அங்கே போய்த் திரும்புகிறவன். அதனால் அவன் படத்தில் ஏரியும் வளவும்கூட இருந்தன. வளவிலிருந்து ஏரிக்கரை மேலேயே நேராக ஒரு கோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தது. பழனியம்மாவின் படத்தில் கரை வழியே கோடு இல்லை. கீழே இறங்கி, ஓடையைத் தாண்டி, வேலிக்காத்தான் முள்ளுக்குள் புகுந்து, ஊரைச் சுற்றிக்கொண்டு வந்தது.

அவள் வரைந்தது தப்பு என்றான் செல்லப்பன். நேர்வழி இருக்கும்போது யாராவது இப்படிச் சுற்றிக்கொண்டு வருவார்களா என்று கேட்டான். அவள் தன் படம்தான் சரி என்று பிடிவாதமாக நின்றாள். டீச்சர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் குத்தினார். ரெண்டு பேருமே பொய் சொல்கிறவர்கள் இல்லை, அப்படியானால் வழி எப்படி இரண்டாயிற்று என்று கேட்டார். அவர் நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். டவுனில் வளர்ந்தவர். மல்லசமுத்திரத்தில் இறங்கி, நேராகப் பள்ளிக்கூடம் வந்து, நேராகத் திரும்பிப் போகிறவர். அந்த வளவுப் பக்கம் அவர் போனதே இல்லை.

பார்த்துவிட்டு வரலாம் என்று வகுப்பு முழுவதையும் கிளப்பினார். எனக்கு அப்போது வகுப்பு இல்லாததால் நானும் கூடப் போனேன்.

பழனியம்மா முன்னால் நடந்தாள். கரை ஆரம்பிக்கும் இடத்தில் ஊர்க்கோயில் இருக்கிறது. அங்கே வந்ததும் அவள் பேசாமல் கீழே இறங்கிவிட்டாள். அவளோடு வளவுப் பிள்ளைகளும் இறங்கினார்கள். மற்றவர்கள் கரை மேலேயே நின்றார்கள். ஏன் இறங்குகிறாய் என்று டீச்சர் கேட்டார். அந்த வழியாக நாங்கள் போகக் கூடாது என்று, மழை பெய்கிறது, வெயில் அடிக்கிறது என்பதைப்போல் சாதாரணமாகச் சொன்னாள். டீச்சர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அவள் பின்னால் இறங்கினார். கொஞ்ச நேரம் கரையில் நின்றிருந்த பிள்ளைகளும், முதலில் செல்லப்பனும் பிறகு ஒவ்வொருவராகவும், இறங்கி வந்தார்கள்.

ஓடை வறண்டு கிடந்தது. பழனியம்மா நடுவில் நின்று தன் நெஞ்சுக்கு மேல் கையை வைத்துக் காட்டினாள்.

"மழை பேஞ்சா தண்ணி இது மட்டும் வருமுங்க டீச்சர். அதனாலதான் அப்ப நாங்க வாரதில்லீங்க."

டீச்சர் அப்படியே நின்றுவிட்டார். முந்தின வருஷம் ஐப்பசியில் அந்தப் பிள்ளைகள் நாள் கணக்கில் வராமல் இருந்து, பிறகு வந்தபோது, மழை என்றால் உங்களுக்கு லீவா, படிப்பில் அக்கறை வேண்டாமா என்று அவர் கடிந்துகொண்டது எனக்கும் தெரியும். தட்டிக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டிருக்கிறேன். அந்த ஓடையின் நடுவில், எல்லாப் பிள்ளைகளும் கேட்கும்படி அவர் சொன்னார்.

"உங்களையெல்லாம் பாத்துட்டு வந்து சொல்லச் சொல்றேன். நான் பாக்காமலே சொல்லிட்டேன் சாமி. தப்பு."

பிள்ளைகளுக்கு அது என்னவோ செய்துவிட்டது. ஓர் ஆசிரியர் தன்மேல் தப்பு என்று சொல்லி அவர்கள் கேட்டதில்லை. திரும்பி வந்ததும் பள்ளிக்கூட வாசலில் செல்லப்பன் டீச்சரை நிறுத்தினான். புத்தகத்தில் எல்லாரும் சமம் என்று போட்டிருக்கிறது, நம்ம ஊரில் வேறு மாதிரி இருக்கிறது, எது சரி என்று கேட்டான். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு டீச்சர் வகுப்புக்குள் போனார்.

அன்று சாயங்காலம் அந்தக் கேள்வி ஊரில் பல வீடுகளுக்குப் போயிற்று.

மறுநாள் காலையில் மணியகாரர் நாலைந்து பேரோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கோபமாகப் பேசும் மனிதர் இல்லை. மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்தார். டீச்சரையும் கூப்பிட்டார்கள். நான் வாசலில் நின்றேன்.

"ஏனுங்க டீச்சரம்மா, பையன் ராத்திரி சோறு உங்காம கேள்வி கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கறான். நீங்க சொல்லிக் குடுத்தீங்களாமா."

"நான் பதில் எதுவும் சொல்லிக் குடுக்கலைங்க" என்றார் டீச்சர். "அவன் கேட்டதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

மணியகாரர் மேல்துண்டை மறுபடியும் சரிசெய்துகொண்டார். கூட வந்தவர்களில் ஒருவர், பழைய நடைமுறையைப் பற்றியும் வெளியூர்க்காரர்கள் ஊர் விவகாரத்தில் தலையிடுவது பற்றியும் சத்தமாகப் பேசினார். தலைமையாசிரியர் எல்லாரையும் சமாதானப்படுத்தி அனுப்பினார். அவர்கள் போனதும் டீச்சரிடம், தட்டியில் இருக்கும் படங்களையாவது எடுத்துவிடுங்கள் என்று ஏறக்குறையக் கெஞ்சினார். பிள்ளைகள் வரைந்த படம், எது தப்பு என்று சொல்லுங்கள், அதை எடுத்துவிடுகிறேன் என்றார் டீச்சர். தலைமையாசிரியர் போய்ப் படங்களைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். எதையும் எடுக்கச் சொல்லாமல் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

சில நாட்கள் வகுப்பில் பாதிப் பேர் வரவில்லை. செல்லப்பன் வந்தான். அப்பனுக்குத் தெரிந்து வந்தானா தெரியாமல் வந்தானா என்று யாரும் கேட்கவில்லை. பிறகு ஒவ்வொருவராகத் திரும்பினார்கள்.

மழைக்காலம் தொடங்கும் முன் மணியகாரர் ஒரு காரியம் செய்தார். தன் தோட்டத்திலிருந்து பனைமரங்களை வெட்டி, ஓடைக்குக் குறுக்கே போட்டுப் பாலம்போல் ஆக்கிக் கொடுத்தார். ஊரே அவரைப் பாராட்டியது. தலைமையாசிரியருக்கு நிம்மதி. அவருக்கு நன்றி சொல்லப் பள்ளிக்கூடத்தில் சின்னக் கூட்டம் வைத்தார். டீச்சரும் நன்றி சொன்னார். மனதாரத்தான் சொன்னார். ஆனால் உட்காருவதற்கு முன், பாலம் போடுகிற சிரமத்துக்குப் பதிலாகக் கரை வழியை விட்டிருக்கலாமே, ஏன் விடவில்லை என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்.

கூட்டம் சட்டென்று கலைந்தது.

அன்று சாயங்காலம் எனக்கே அவர்மேல் எரிச்சல். கிடைத்ததை ஏன் வேண்டாம் என்கிறீர்கள், அந்த மனிதர் இவ்வளவு தூரம் இறங்கி வந்ததே பெரிது என்றேன்.

"வேண்டாங்கல சார். பிள்ளைங்க நனையாம வரட்டும். ஆனா செல்லப்பன் கேட்ட கேள்வி அப்படியே இருக்குதே" என்றார்.

அந்தப் பள்ளி ஆண்டு முடிந்ததும் அவருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. மேச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கு. யார் எழுதிப் போட்டார்கள், யார் சிபாரிசு என்றெல்லாம் ஊரில் பேச்சு அடிபட்டது. அவர் விசாரிக்கவில்லை. பயந்தாரா என்று கேட்டால், பயந்தார். மேச்சேரியிலிருந்து சேலம் போய்வர பஸ் வசதி எப்படி என்று என்னிடம் பலமுறை கேட்டார். ஆனால் கூட்டத்தில் கேட்டதைக் கேட்டிருக்க வேண்டாம் என்று அவர் ஒருதரம்கூடச் சொல்லவில்லை. பஸ் ஏற்றிவிடப் பிள்ளைகள் மல்லசமுத்திரம் வரைக்கும் நடந்து வந்தார்கள். பழனியம்மா அவர் குடையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

அடுத்த ஐப்பசியில் மழை கொட்டியது. ஓடையில் வெள்ளம் வந்து பனைமரங்களைப் புரட்டிக் கொண்டுபோனது. பழனியம்மா அப்போது என் ஆறாம் வகுப்பில் இருந்தாள். அவள் வரவில்லை. வளவுப் பிள்ளைகள் யாருமே வரவில்லை. இரண்டாம் நாள் வருகை எடுக்கும்போது அந்தப் பெயர்களைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. தலைமையாசிரியரிடம் போய், அந்தப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றேன். எந்த வழியாக என்று அவர் கேட்கவில்லை. தன்னுடைய குடையை எடுத்துக் கொடுத்தார்.

வளவுக்குப் போய்ப் பிள்ளைகளைச் சேர்த்தேன். பெற்றவர்கள் பயந்தார்கள். பழனியம்மாவின் அப்பன் கொஞ்ச தூரம் கூட வந்து, கரை ஏறும் இடத்தில் நின்றுவிட்டார். நாங்கள் ஏறினோம். நானே வாடகை வீட்டில் இருக்கும் வெளியூர்க்காரன், பாய். யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே நடந்தேன்.

கோயிலுக்குச் சற்று முன்னால் மணியகாரர் நின்றிருந்தார். கரையின் குறுக்கே அவருடைய எருது கட்டியிருந்தது. எங்களைப் பார்த்தார். எனக்குப் பின்னால் வரிசையாக நனைந்துகொண்டு நின்ற பிள்ளைகளையும் பார்த்தார்.

"பாலம் போயிருச்சுங்களா பாய்?" என்றார்.

"ஆமாங்க. அடியோட போயிருச்சுங்க."

அவர் எருதின் கயிற்றை அவிழ்த்து, கரைச் சரிவில் ஓரமாக இழுத்துப் பிடித்துக்கொண்டார். நாங்கள் கடந்து போனோம்.

ஏரி நிறைந்து கிடந்தது. அந்தப் பிள்ளைகள் கரைக்குக் கீழேயே நடந்து பழகியவர்கள். நிறைந்த ஏரியை மேலேயிருந்து பார்ப்பது அவர்களுக்கு அதுதான் முதல் தடவை. தண்ணீரில் மீன்கள் துள்ளின. பழனியம்மாவின் தங்கை என் கையைப் பிடித்து நிறுத்தி, சித்திரையில் ஏரி வெடித்துக் கிடந்ததே, இந்த மீனெல்லாம் எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றேன். பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை அவர்கள் அதைப் பற்றியே சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள்.

அதன்பிறகு யாரும் யாருக்கும் அனுமதி கொடுக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. பிள்ளைகள் கரை வழியாகவே வந்தார்கள். பெரியவர்கள் கரையேற இன்னும் சில வருஷம் ஆயிற்று.

மார்கழியில் சேலம் பஸ் ஸ்டாண்டில் டீச்சரைத் தற்செயலாகச் சந்தித்தேன். மேச்சேரி பஸ்ஸுக்காக நின்றிருந்தார். இளைத்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். எருதை ஓரமாகப் பிடித்ததைச் சொன்னபோது கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். துடைத்துவிட்டு மறுபடியும் துடைத்தார். நான் எவ்வளவு பயந்தேன் என்பதையும், அந்தச் சின்னப் பெண் மீனைப் பற்றிக் கேட்டதையும் சொல்லி முடித்தேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அந்த மீன் எங்கிருந்து வந்துச்சாம்?"

முட்டை சேற்றுக்குள்ளேயே கிடந்திருக்கும் என்கிறார்கள் சிலர், கொக்கின் காலில் ஒட்டிக்கொண்டு வரும் என்கிறார்கள் சிலர், மழைத் தண்ணீரோடு மேல் ஏரியிலிருந்து வருகிறது என்கிறான் செல்லப்பன் என்றேன். கொக்குக் கட்சிக்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். மேல் ஏரியில் மீன் இருக்கிறதா என்று யாராவது போய்ப் பார்த்தார்களா என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். மேச்சேரி பஸ் எப்போது வந்தது, எப்போது போனது என்று எங்கள் இருவருக்குமே தெரியாது.